பத்து ரூபாய் டோக்கன்: தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டூவீலர் ஸ்டாண்ட்

பாப்பாரப்பட்டி, இண்டூர், பென்னாகரம் பக்கமிருந்து வண்டியில் தருமபுரி வந்து, அங்கிருந்து சேலத்துக்கோ கிருஷ்ணகிரிக்கோ பஸ் ஏறுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு நிமிஷ நடையில் ஒரு தனியார் டூவீலர் ஸ்டாண்ட் இருக்கிறது. சில வருஷமாக அங்கே மாத பாஸ் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டுக்கென்று தனியாகப் பேர் கிடையாது. வாசலில் மஞ்சள் பெயின்டில் 'இரு சக்கர வாகனம் நிறுத்துமிடம்' என்று எழுதிய தகரப் பலகை, அதற்குக் கீழே கட்டண விவரம்.

கட்டணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு மணி நேரம் வரை 5 ரூபாய். காலையில் விட்டு இரவுக்குள் எடுத்தால் 10. ராத்திரி தங்கினால் 20. மாத பாஸ் 220. சைக்கிளுக்கு 3 ரூபாய். ஹெல்மெட்டுக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை, உள்ளே கம்பியில் வரிசையாக மாட்டி டோக்கன் நம்பர் கட்டிவிடுகிறார்கள். பலகையில் இருப்பதற்கு மேல் இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை. பலகையில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று வாங்குகிற ஸ்டாண்டுகளில் வண்டி விட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வேலை செய்கிற விதம்தான் இங்கே விசேஷம். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி "எப்பம்மா திரும்பி வருவீங்க?" என்பதுதான். சும்மா பேச்சுக்குக் கேட்பதில்லை. சாயங்காலம் என்றால் வண்டி பின்வரிசைக்குப் போகும். மார்க்கெட் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றால் வாசலை ஒட்டி நிற்கும். பெங்களூருக்கு வேலைக்குப் போய் வாரக் கடைசியில் திரும்புகிற பையன்களின் வண்டிகள் சுவரோரம் ஒரே கோடாக நிற்கும். ஹேண்டில் லாக் போடக்கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. லாக் போடாமல் விட்டால்தான் தேவையான நேரத்தில் நகர்த்த முடியும். டோக்கன் அட்டையை இரண்டாகக் கிழித்து ஒன்றை நம் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை பிரேக் வயரில் செருகுவார். எடுக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் வண்டி வெளியே போகும். பாஸ் வைத்திருக்கிற எங்களுக்கும் அதே நடைமுறைதான், முகம் தெரிந்தவர் என்று விட்டுவிடுவதில்லை.

சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ்ஸும் சேலம் பஸ்ஸும் வந்து நின்றால் ஒரே சமயத்தில் பெருங்கூட்டம் உள்ளே வரும். பெரியவர் அஞ்சரை மணியிலிருந்தே பின்வரிசை வண்டிகளை ஒவ்வொன்றாக முன்னால் இழுத்து வைக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் நாங்கள் வரும்போது வண்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வாசலை ஒட்டி எப்போதும் ஏழெட்டு வண்டிக்கான இடத்தைக் காலியாக வைத்திருப்பார். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அந்த இடத்தை அடைக்க விடமாட்டார். அது அடைந்துவிட்டால் உள்ளே வருகிற வண்டி திரும்ப முடியாது, வெளியே போகிற வண்டி நகர முடியாது. அப்புறம் ஸ்டாண்ட் முழுக்க ஸ்தம்பித்துவிடும்.

இதை நான் கவனித்துப் பார்ப்பதற்கு என் வேலையும் ஒரு காரணம். கிருஷ்ணகிரியில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் கட்டட பிளான் வரைகிறேன். கார் பார்க்கிங் என்பது எனக்குத் தினமும் ஆட்டோகேட் திரையில் போடுகிற செவ்வகம். 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். கணக்குப் பார்த்தால் 12.5 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 135 சதுர அடி. கார் உள்ளே வந்து திரும்புகிற வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு அதைப்போல இரண்டு மடங்கு இடம் போய்விடும். எங்கள் பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அறையில், அதாவது 120 சதுர அடியில், மாதாமாதம் வாடகை கொடுத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய இடத்தை நடு ஊரில் ஒரு கார் காசில்லாமல் நாள் முழுக்க எடுத்துக்கொள்கிறது. இதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

முன்பு இந்த ஸ்டாண்டில் முன்பக்கம் நாலு கார் நிறுத்த இடம் விட்டிருந்தார்கள். இப்போது இல்லை. ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். "ஒரு கார் நிக்கிற எடத்துல எட்டு வண்டி நிறுத்தலாம்மா. எட்டு வண்டிக்கு எண்பது ரூவா வருது. கார்காரர்கிட்ட எண்பது கேட்டா, எதுக்குங்க, வெளிய ரோட்டுல சும்மா நிறுத்திக்கிறேன்னு போயிடுறாரு. நாப்பது கேட்டாலும் அதே பதில்தான்" என்றார்.

கார்காரர் செய்வதில் தப்பே இல்லை. வெளியே இலவசமாக இடம் இருக்கும்போது உள்ளே வந்து யார் காசு கொடுப்பார்கள்? பஸ்ஸுக்குப் போகிற கிராமத்துக்காரர் தன் எக்ஸெல் வண்டி நிற்கிற இடத்துக்குப் பத்து ரூபாய் கொடுக்கிறார். அதைவிட எட்டு மடங்கு இடம் எடுக்கிற கார், அதே ஊரில், இன்னும் நல்ல இடத்தில், இலவசமாக நிற்கிறது. ஊரில் பார்க்கிங்குக்கு விலையே இல்லை என்று சொல்ல முடியாது. விலை இருக்கிறது. கம்மியாக இடம் எடுக்கிறவரிடம் மட்டும் வாங்குகிறோம்.

அந்த இலவசத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் காலை ஒன்பது மணிக்கு நான்கு ரோட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து பாருங்கள். 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பூக்கூடையும் காய்கறி மூட்டையுமாக எத்தனை பெண்கள் அதை நம்பி வருகிறார்கள்! அந்த பஸ் ஓரம் கட்ட முடியாமல் ரோட்டின் நடுவிலேயே நிற்கும். ஓரத்தில் கார் வரிசை. இறங்குகிற அம்மாக்கள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு காருக்கு நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு நுழைந்துதான் நடைபாதைக்கு வர வேண்டும். பின்னால் வருகிற பஸ்ஸும் அங்கேயே நிற்கும். டிக்கெட்டை இலவசமாக்கிய அரசின் நல்ல காரியம், பஸ் நிற்க இடமில்லாத காரணத்தால் பாதி வீணாகிறது.

டொனால்ட் ஷூப் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர் இருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் சொல்லிக்கொடுத்தவர். 2025 பிப்ரவரியில் காலமானார். பல பத்தாண்டுகள் பார்க்கிங்கையே ஆராய்ந்த மனிதர். தெருவோர இடத்துக்கு எவ்வளவு கட்டணம் வைக்கலாம் என்பதற்கு அவர் சொன்ன அளவு ரொம்ப எளிமையானது. நூறு இடம் இருந்தால் சுமார் 85 நிரம்பி, மீதி காலியாக இருக்க வேண்டும். அதற்கு எந்தக் கட்டணம் சரியோ அதுதான் அந்தத் தெருவுக்கான கட்டணம். எப்போதும் நிரம்பி வழிந்தால் கட்டணம் போதவில்லை, பாதி காலியாகக் கிடந்தால் கட்டணம் அதிகம். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பெரியவர் வாசலில் விட்டு வைக்கிற அந்த ஏழெட்டு வண்டி இடம்தான் ஞாபகம் வந்தது. கொஞ்சம் இடம் காலியாக இருந்தால்தான் மற்றதெல்லாம் நகரும் என்பதைத் தினமும் வண்டி இழுத்தே அவர் தெரிந்துவைத்திருக்கிறார்.

சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் 2011லிருந்து இதைச் செய்து பார்த்தார்கள். ரோட்டில் சென்சார் பதித்து, எந்தத் தெரு எந்த நேரத்தில் எவ்வளவு நிரம்புகிறது என்று கணக்கெடுத்து, நிரம்புகிற தெருவில் கட்டணத்தைக் கூட்டினார்கள், காலியாக இருக்கிற தெருவில் குறைத்தார்கள். இப்படிச் செய்தால் மக்களைப் பிழிந்துவிடுவார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சோதனைக் காலம் முடிந்தபோது சராசரிக் கட்டணம் முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. நம் ஊருக்குச் சென்சார் எல்லாம் வேண்டாம். காலை, மதியம், சாயங்காலம் ஒருவர் நோட்டோடு நடந்து எண்ணினாலே போதும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, கலிபோர்னியாவிலேயே பசடேனா என்ற ஊரின் பழைய கடைவீதியில் நடந்தது. அங்கே 1993ல் பார்க்கிங் மீட்டர் வைத்தார்கள். வியாபாரிகள் முதலில் எதிர்த்தார்கள். காசு கேட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற பயம், நம் ஊர் வியாபாரிகளுக்கும் இருக்கிற அதே பயம். மீட்டர் பணம் முழுக்க அந்தக் கடைவீதிக்கே செலவாகும் என்று நகராட்சி ஒப்புக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார்கள். அந்தப் பணத்தில் நடைபாதை, மரம், விளக்கு எல்லாம் வந்தது, வியாபாரமும் பெருகியது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் யாராவது கார் பார்க்கிங்குக்குக் கட்டணம் வைக்க நினைத்தால் இந்த ஒரு நிபந்தனையை முதல் வரியில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. வசூலித்த பணம் எங்கே போகிறது என்று தெரியாத வரைக்கும் யாரும் மனசாரக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்த காசு கண்ணெதிரே நடைபாதையாகவும் நிழலாகவும் நின்றால் கொடுப்பார்கள்.

நான் வரைகிற செவ்வகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2019ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள்படி கட்டடத்தின் உபயோகத்துக்கும் பரப்புக்கும் ஏற்ப இத்தனை கார், இத்தனை டூவீலர் நிறுத்த இடம் காட்டினால்தான் பிளான் அப்ரூவல் ஆகும். விதியின் நோக்கம் நல்லதுதான், வண்டிகள் ரோட்டுக்கு வரக்கூடாது என்பதுதான். ஆனால் வெளியே ரோடு இலவசமாக இருக்கும்போது அந்த இடம் பார்க்கிங்காகவே நீடிப்பதில்லை. பிளானில் தரைத்தளம் முழுக்க கார் வரிசையாக வரைந்து கொடுப்போம். கட்டி முடித்துக் கொஞ்ச நாளில் அங்கே ஷட்டர் இறங்கியிருக்கும், உள்ளே கடையோ குடோனோ ஓடும். கடைக்கு வாடகை வருகிறது, காருக்கு வருவதில்லை. கட்டடக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

லண்டனில் 2004லேயே இந்த விதியைத் தலைகீழாகத் திருப்பினார்கள். குறைந்தது இத்தனை கார் இடம் வேண்டும் என்பதை எடுத்துவிட்டு, அதிகபட்சம் இத்தனைதான் கட்டலாம் என்றார்கள். மெக்சிகோ நகரமும் 2017ல் அதே வழிக்கு வந்தது. பஸ்ஸும் ரயிலும் இருக்கிற ஊரில் ஒவ்வொரு கட்டடமும் கார் இடம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்தச் செலவு கார் இல்லாதவர் கொடுக்கிற வாடகையிலும் ஏறிவிடுகிறது. ஜப்பான் இன்னொரு வழியில் போனது. 1962ல் வந்த சட்டப்படி, வீட்டுக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். நிறுத்த இடம் ஏற்பாடு செய்வது கார் வாங்குகிறவர் பொறுப்பு, ஊரின் பொறுப்பு இல்லை. தருமபுரி செந்தில் நகர் மாதிரி புதிதாக வளர்கிற பகுதிகளில் வீட்டுக்கு உள்ளே இடமில்லாமல் தெருவில் கவர் போட்டு மூடி வைத்த கார்களைப் பார்க்கும்போது, இந்தச் சட்டம் நமக்கும் ஏன் வரக்கூடாது என்று தோன்றுகிறது.

பாரிஸில் 2024 பிப்ரவரியில் பெரிய கனமான கார்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் ரொம்பக் குறைவு, ஆனாலும் ஆதரவு ஜெயித்தது. நகரத்தின் மையப் பகுதியில் வெளியூரிலிருந்து வருகிற அப்படிப்பட்ட கனமான கார் ஒரு மணி நேரம் நிற்க 18 யூரோ, நம் பணத்தில் 1,600 ரூபாய்க்கு மேல். அந்தத் தொகை நமக்கு ஒத்துவராது. ஆனால் வண்டியின் அளவுக்கும் கனத்துக்கும் தகுந்த கட்டணம் என்ற நியாயம் நமக்கும் பொருந்தும். எங்கள் ஸ்டாண்டிலேயே சைக்கிளுக்கு 3, வண்டிக்கு 10 என்று அந்த நியாயம்தானே நடக்கிறது?

கார் வைத்திருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்பாவை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது நாங்களும் வாடகைக் காரில்தான் போகிறோம். நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் வாசல் வரை வர வேண்டும், அவர்களுக்கு இடம் ஒதுக்கியே ஆக வேண்டும். இப்போது அந்த இடத்தைக் காலையிலேயே வந்து நிறுத்திவிட்டுச் சாயங்காலம் எடுக்கிற கார்கள் பிடித்துக்கொள்கின்றன. மணிக்கு இவ்வளவு என்று வைத்தால் அந்தக் கார்கள் கொஞ்சம் தள்ளிப் போகும், அவசரத்துக்கு வருகிறவருக்கு வாசலில் இடம் கிடைக்கும்.

சரி, ஸ்டாண்டின் குறைகளுக்கு வருகிறேன். தகரக் கூரை முன்பக்கம் பாதிக்குத்தான் இருக்கிறது. பின்வரிசை முழுக்க வெயிலில் நிற்கும். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் சீட்டில் உட்கார முடியாது, நான் ஒரு பழைய துண்டு வைத்துக்கொள்கிறேன். ஐப்பசி மழையில் பின்பக்கம் தண்ணீர் தேங்கிச் சேறாகிவிடும், ஸ்டாண்ட் போட்ட வண்டி சாய்ந்துவிடும். மண்ணை நிரவி ஜல்லி கொட்டினால் போதும், பெரிய செலவில்லை. இருட்டிய பிறகு பின்மூலையில் வெளிச்சம் போதாது. பெரியவர் வண்டியை முன்னால் இழுத்து வைப்பதால் நாங்கள் அதிகம் அங்கே போக வேண்டியதில்லை, ஆனால் அவர் லீவு போடுகிற நாளில் அவர் இடத்தில் வருகிற பையன் அப்படிச் செய்வதில்லை. தனியாக வேலை முடிந்து எட்டு மணிக்கு மேல் வருகிற பெண்களுக்கு அந்த மூலையில் ஒரு எல்இடி லைட் கட்டாயம் வேண்டும். நேரில் சொல்லியிருக்கிறேன், போடுகிறேன் என்றிருக்கிறார்கள். கழிப்பறை கிடையாது.

எலக்ட்ரிக் வண்டிக்கு இரண்டே இரண்டு பிளக் பாயின்ட். நாலு மணி நேரம் சார்ஜ் போட 20 ரூபாய் தனியாக வாங்குகிறார்கள், நியாயமான விலை. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்து, நம் பக்கத்துப் பிள்ளைகளே அங்கே வேலை பார்க்கிறார்கள். வண்டி காலை முதல் மாலை வரை சும்மா நிற்கிற இடம் ஸ்டாண்ட்தான், சார்ஜ் போட இதைவிடத் தோதான இடம் எது? பத்துப் பாயின்ட் போட்டாலும் நிரம்பும் என்றுதான் நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரியில் இறங்கினால் இந்த வசதியின் மதிப்பு இன்னும் நன்றாகத் தெரிகிறது. மாவட்டத் தலைநகரமாக இருந்தும் அந்த ஊருக்கு ரயில் இல்லை, எல்லாமே பஸ்தான். என்னோடு வேலை பார்க்கிற ஒரு தங்கை காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறாள். அவள் பஸ் ஏறுகிற இடத்தில் வண்டி விட நம்பிக்கையான ஸ்டாண்ட் கிடையாது. தெரிந்தவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருவாள், அவர்கள் ஊருக்குப் போனால் இவளுக்குத் திண்டாட்டம். அதனாலேயே அவள் வீட்டில் லோன் போட்டு கார் வாங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. நல்ல ஸ்டாண்ட் ஒன்று இருந்தால் ஒரு குடும்பம் அஞ்சு வருஷத் தவணையிலிருந்து தப்பிக்கும். பஸ் நிறுத்தங்களை ஒட்டி டூவீலர், சைக்கிள் ஸ்டாண்டுக்கு இடம் ஒதுக்குவதை உள்ளாட்சிகள் பஸ் சேவையின் ஒரு பாகமாகவே பார்க்க வேண்டும். சென்னை பாண்டி பஜாரில் 2019ல் கார் இடத்தைச் சுருக்கி அகலமான நடைபாதை போட்டபோது அதற்குக் கிடைத்த கவனமும் பணமும், சின்ன ஊர்களின் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களுக்கும் கிடைக்க வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கூரையும் லைட்டும் வந்தால் ஐந்து.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம். மாத பாஸ் 1ஆம் தேதியிலிருந்து 5ஆம் தேதிக்குள் போடுகிறார்கள், ஆர்.சி. நகல் ஒன்று கேட்பார்கள். காலை ஏழரைக்கு மேல் போனால் கூரைக்குக் கீழே இடம் கிடைப்பது சிரமம். பவுர்ணமி, ஆடிப்பெருக்கு மாதிரி நாட்களில் ஒகேனக்கல், கோயில் என்று போகிற கூட்டம் சேர்ந்துகொள்ளும், அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். இரவு கடைசி பஸ்ஸில் வருவதாக இருந்தால் காலையிலேயே பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும், பதினோரு மணிக்கு கேட் பூட்டிவிடுவார். சில்லறை கொண்டுபோங்கள், ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிற வசதி மாத பாஸுக்கு மட்டும்தான்.